மிக் வெல்டருக்கு வாயு ரெகுலேட்டர்: முள் காட்டுவதும் முனையில் வருவதும்

மிக் மெஷின், அதாவது கம்பியை மின்பொறியால் உருக்கி, காற்றுப் படாமல் வாயுப் போர்வைக்குள் பற்றவைக்கும் கருவி, வாங்கிய புதிதில் நான் போட்ட வெல்டு எல்லாம் கடற்பஞ்சு போல இருந்தது. புளோ ஹோல் என்னும் வாயுத் துளை இல்லாமல் ஒரு விரற்கடை நீளம்கூட வரவில்லை. சிலிண்டர் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து அளவாக விடும் ரெகுலேட்டரைப் பார்த்தால், முள் நிமிடத்துக்கு 12 லிட்டர் என்ற கோட்டில் ஆடாமல் நின்றது. வாயு சரியாகத்தான் வருகிறது என்று முடிவு கட்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். இரும்பை மீண்டும் மீண்டும் தேய்த்தேன். கம்பிச் சுருளை மாற்றினேன். வோல்டேஜைக் கூட்டினேன், குறைத்தேன். இரண்டு வார விடுமுறைகள் அப்படியே போயின. கடைசியில், வெல்டிங் துப்பாக்கியின் வாயான நாசில் முனையில் வைத்து ஓட்டத்தை அளக்கும் சின்னக் குழாய் ஒன்று கைக்கு வந்தது. வைத்துப் பார்த்தால் அங்கே வருவது வெறும் 4 லிட்டர். ரெகுலேட்டருக்கும் மெஷினுக்கும் நடுவே ஓடிய ஹோஸ், மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

ரெகுலேட்டர் பொய் சொல்லவில்லை. அது எதை அளந்து சொல்கிறது என்பது எனக்குத்தான் தெரியவில்லை. அது முன்பே தெரிந்திருந்தால் வேறு வகை ரெகுலேட்டரை வாங்கியிருப்பேன். வாங்கப்போகும் உங்களுக்காக அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாயு தேவைப்படாத பிளக்ஸ் கோர் கம்பியை மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ரெகுலேட்டரே வேண்டாம். அந்தக் கம்பியின் உள்ளே இருக்கும் மருந்தே உருகிய இரும்பைக் காத்துவிடும். திடக் கம்பிக்கு மாறும்போது திரும்பி வந்து படியுங்கள்.

முதல் படி: சிலிண்டரை முடிவு செய்யுங்கள்

பலரும் ரெகுலேட்டரை வாங்கிவிட்டு அதற்குப் பொருந்தும் சிலிண்டரைத் தேடி அலைகிறார்கள். முறை தலைகீழாக இருக்க வேண்டும். உங்களுக்கு எந்த வாயு, எந்த அளவு சிலிண்டரில், எந்த வகை வால்வோடு கிடைக்கும் என்பதை வாயு நிரப்பித் தருபவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ரெகுலேட்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

சாதா இரும்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தனிக் கார்பன் டை ஆக்சைடு. மலிவானது, இரும்புக்குள் ஆழமாக இறங்கும், தெறிப்பு அதிகம். மற்றது, ஆர்கானோடு 15 முதல் 25 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு சேர்ந்த கலவை. ஐஎஸ்ஓ 14175 தரநிர்ணயத்தில் இந்தக் கலவைக்கு எம்21 என்றும் தனிக் கார்பன் டை ஆக்சைடுக்கு சி1 என்றும் பெயர். சிலிண்டரின் சீட்டில் இந்தக் குறி இருந்தால் ஊர்ப் பெயர், வணிகப் பெயர் எதுவும் உங்களைக் குழப்பாது. அலுமினியம் பற்றவைக்கும் எண்ணம் இருந்தால் தனி ஆர்கான் வேண்டும். எவர்சில்வருக்குப் பெரும்பாலும் 2 விழுக்காடு அளவே கார்பன் டை ஆக்சைடு கலந்த ஆர்கான்.

ரெகுலேட்டர் விஷயத்தில் இந்த வாயுக்கள் இரு கட்சிகளாகப் பிரிகின்றன. ஆர்கானும் அதன் கலவைகளும் சிலிண்டருக்குள் வாயுவாகவே இறுக்கப்பட்டிருக்கும். நிரம்பிய சிலிண்டரில் 150 அல்லது 200 பார் அழுத்தம் இருப்பது சாதாரணம். 300 பார் சிலிண்டர்களும் உண்டு. கார்பன் டை ஆக்சைடு அப்படியல்ல. அது சிலிண்டருக்குள் திரவமாக நிற்கும், அதன் மேல் ஆவி நிற்கும். அந்த ஆவியின் அழுத்தம் 20 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 57 பார், 10 டிகிரியில் 45 பார். கீழே திரவம் மிச்சம் இருக்கும்வரை அது குறையாது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஆர்கான் சிலிண்டரில் உள்ளே எவ்வளவு மிச்சம் என்பதை அழுத்தக் கேஜ் நேராகச் சொல்லிவிடும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டர் 150 பாரில் இருந்தால் ஏறக்குறைய 1500 லிட்டர் வாயு இருக்கிறது. நிமிடத்துக்கு 12 லிட்டர் செலவழித்தால், ஆர்க், அதாவது மின்பொறி, எரியும் நேரம் மட்டும் இரண்டு மணிக்குச் சற்று மேல். கார்பன் டை ஆக்சைடில் அந்தக் கேஜை நம்பினால் கதை கெட்டது. பாதி தீர்ந்தாலும் அதே முள், முக்கால் தீர்ந்தாலும் அதே முள். திடீரென இறங்கத் தொடங்கும்போது வேலை பாதியில் நிற்கும். எடை போட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. ஒரு கிலோ திரவம் 500 லிட்டருக்குச் சற்று மேல் வாயுவாக விரியும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விளைவு பாதுகாப்பு பற்றியது. ரெகுலேட்டரின் உடலில் அது தாங்கும் அதிகபட்ச உள்ளழுத்தம் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண், உங்கள் சிலிண்டர் நிரப்பப்படும் அழுத்தத்துக்குக் குறையக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுக்கென்றே குறைந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்ட ரெகுலேட்டரை அடாப்டர் போட்டு 200 பார் ஆர்கானில் மாட்டுவது விளையாட்டான காரியம் அல்ல. அந்த எண்ணும் வாயுவின் பெயரும் உடலில் இல்லாத ரெகுலேட்டரை, எத்தனை பளபளப்பாக இருந்தாலும், நான் கையால் தொடுவதில்லை. ஐஎஸ்ஓ 2503 என்ற தரநிர்ணயக் குறியும் சேர்ந்து இருந்தால் நல்லது.

கைக்கடக்கமான, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் குட்டிச் சிலிண்டர்களைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு லிட்டர் குடுவையில் 100 பார் என்றால் 100 லிட்டர் வாயு. எட்டு நிமிட ஆர்க். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதற்கென்று மெல்லிய மரை கொண்ட தனி ரெகுலேட்டர் வேறு வாங்க வேண்டும். பெரிய சிலிண்டருக்கு மாறும் நாளில் அது எதற்கும் உதவாது.

இரண்டாம் படி: மரையைப் பாருங்கள்

சிலிண்டர் வால்வின் வாயும் ரெகுலேட்டரின் நட்டும் ஒரே தரநிர்ணயத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். நாட்டுக்கு நாடு இது மாறும் என்பதால் இணையவழி வாங்குபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். அமெரிக்க முறையில் ஆர்கானுக்கும் ஆர்கான் கலவைக்கும் சிஜிஏ 580, தனிக் கார்பன் டை ஆக்சைடுக்கு சிஜிஏ 320. பிரிட்டிஷ் முறையான பிஎஸ் 341இல் ஆர்கானுக்கு 3ஆம் எண், கார்பன் டை ஆக்சைடுக்கு 8ஆம் எண். ஜெர்மானிய டின் 477 முறையில் இரண்டுக்கும் ஒரே 6ஆம் எண் மரை. உங்கள் சிலிண்டர் எந்த முறை என்று ஊகிக்காதீர்கள். வால்வின் வாயைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

மரை சேர்ந்துவிட்டால் ரெகுலேட்டரும் சேர்ந்துவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. பிரிட்டிஷ் முறையில் ஆக்சிஜனுக்கும் ஆர்கானுக்கும் ஒரே மரைதான். வாயு வெட்டுக்கு வைத்திருந்த ஆக்சிஜன் ரெகுலேட்டர் ஆர்கான் சிலிண்டரில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதில் ஓட்டத்தை லிட்டரில் காட்டும் அளவுகோல் கிடையாது. அதைவிடப் பெரிய ஆபத்து, அதைத் திரும்பக் கழற்றி ஆக்சிஜனில் போடுவது. இடையில் ஒரு துளி எண்ணெயோ கிரீசோ ஒட்டியிருந்தால், உயர் அழுத்த ஆக்சிஜன் அதைத் தீப்பற்ற வைத்துவிடும். ஒரு ரெகுலேட்டர், ஒரு வாயுக் குடும்பம். மாற்றி மாற்றிப் போடுவது வேண்டாம். அசிட்டிலீன் போன்ற எரிவாயுக்களுக்கு இடக்கை மரை, நட்டில் வெட்டுக்குறி. அவை தாமாகவே விலகி நின்றுகொள்ளும்.

பானங்களுக்கு நுரை ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு ரெகுலேட்டர் கையில் இருக்கிறது, அது போதாதா என்றும் கேட்பதுண்டு. அது அழுத்தத்தை அளந்து தருவது, ஓட்டத்தை அல்ல. அதன் பின்னால் ஒரு புளோமீட்டரைச் சேர்த்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் முறை கற்றுக்கொள்பவருக்கு அந்த ஒட்டுவேலையை நான் சொல்ல மாட்டேன். மீன் தொட்டிக்கானதை நினைத்தே பார்க்க வேண்டாம். அது குமிழிகளை எண்ணித் தரும் பொருள்.

மூன்றாம் படி: ஓட்டத்தைக் காட்டும் விதம்

என் இரண்டு வார விடுமுறைகளைத் தின்ற விஷயம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கடையில் அதிகமாகக் கிடைப்பது இரட்டைக் கேஜ் ரெகுலேட்டர். ஒரு வட்டம் சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும், மற்ற வட்டம் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று காட்டும். இரண்டாவது வட்டத்தில் லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே இருப்பது சாதாரண அழுத்தக் கேஜ்தான். வெளியேறும் வாயில் ஓர் ஊசிமுனைத் துளை இருக்கும். அந்தத் துளைக்கு முன்னால் இவ்வளவு அழுத்தம் இருந்தால் அதன் வழியே இவ்வளவு லிட்டர் வெளியேறும் என்று தொழிற்சாலையில் கணக்கிட்டு, அழுத்தத்துக்குப் பதிலாக லிட்டரை அச்சிட்டுவிடுகிறார்கள். துளைக்குப் பின்னால் எல்லாம் திறந்து கிடக்கும்வரை கணக்கு சரி. ஹோஸ் நசுங்கினாலோ, துளையில் தூசி அடைத்தாலோ, மெஷினின் வாயு வால்வு பாதி திறந்தாலோ, முன்னால் இருக்கும் அழுத்தம் மாறாது. முள்ளும் மாறாது. என் மேசைக் காலுக்கு அடியில் நடந்தது அதுதான்.

இரண்டாவது வகையில் ஒரு கேஜும், பக்கத்தில் நின்ற நிலையில் ஒரு கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாயும் இருக்கும். உள்ளே ஒரு சின்னக் குண்டு மிதக்கும். இதைப் புளோமீட்டர் என்றும் ரோட்டாமீட்டர் என்றும் சொல்வார்கள். கீழே குறுகி மேலே அகலும் குழாயில், ஓடும் வாயுவே குண்டைத் தூக்கி நிறுத்துகிறது. வாயு ஓடினால்தான் குண்டு எழும்பும். ஹோஸ் நசுங்கினால் குண்டு இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். நான் மிகவும் மதிப்பது இன்னொன்றை: துப்பாக்கியின் டிரிகரை விட்ட பிறகும் குண்டு அடியில் உட்காராமல் மிதந்துகொண்டிருந்தால், மீட்டருக்குப் பின்னால் எங்கோ கசிகிறது என்று பொருள். சோப்பு நீர் இல்லாமலே கசிவைச் சொல்லும் கருவி அது.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் அளவு தவறும். வேறு விதமாகச் சொல்லப்படாதவரை குண்டின் நடுப்பகுதியை வைத்துப் படியுங்கள். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு குழாய்க்குப் பின்னால், அதாவது வாயு வெளியேறும் பக்கம் இருக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். அப்படி இருந்தால் குழாய்க்குள் அழுத்தம் நிலையாக நிற்கும். பின்னால் ஏற்படும் எதிர் அழுத்தம் அளவைக் கெடுக்காது. பிறகு, குழாய் எந்த வாயுவுக்கு அளவிடப்பட்டது என்று பாருங்கள். ஆர்கான் குழாயில் கார்பன் டை ஆக்சைடு ஓடினால் வித்தியாசம் 5 விழுக்காடு அளவுதான். வீட்டு வேலைக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ஹீலியம் போன்ற மிக இலேசான வாயு என்றால் மட்டும் ஆர்கான் கோட்டில் காட்டுவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஓடும்.

மூன்றாவது வகை, ஓட்டம் தொழிற்சாலையிலேயே நிலைப்படுத்தப்பட்டது. திருகவும் முடியாது, கெடுக்கவும் முடியாது. ஒரே கம்பி, ஒரே வாயு, ஒரே வேலை என்று இருப்பவர்களுக்கு ஏற்றது. கற்றுக்கொள்பவருக்கு ஓட்டத்தை மாற்றிப் பார்த்து வித்தியாசம் உணரும் வாய்ப்பை அது பறித்துவிடுகிறது.

என் முடிவு இது. ஒரே இடத்தில் நிற்கும் சிலிண்டர், ஓரளவு இடவசதி இருந்தால் குண்டு மிதக்கும் வகையை வாங்குங்கள். பின்னாளில் டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் டிக் வெல்டிங் பக்கம் போனாலும் அதே ரெகுலேட்டர் ஆர்கானோடு வேலை செய்யும். அங்கே 6, 7 லிட்டர் என்று நுணுக்கமாக வைக்க வேண்டியிருக்கும்போது குண்டின் அருமை தெரியும். சிலிண்டரை வண்டியில் ஏற்றி அங்கும் இங்கும் இழுப்பவர் என்றால் குழாய் உடையும். இரட்டைக் கேஜே போதும். அப்போது நாசில் முனையில் வைக்கும் அளவுக் குழாயையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அது விலை மிகக் குறைந்த சாமான். எந்த ரெகுலேட்டர் வைத்திருந்தாலும் அது இருக்கட்டும், ஏனென்றால் மீட்டருக்குப் பின்னால் கசிந்தால் குண்டும் ஏமாறும். கசிவுக்குப் போவதையும் சேர்த்தே அது அளக்கிறது.

நான்காம் படி: அளவுகோல்

வீட்டு மிக் வேலை 8 முதல் 15 லிட்டருக்குள் முடிந்துவிடும். 25 அல்லது 30 லிட்டர்வரை காட்டும் அளவுகோல் போதும். 50, 60 வரை நீளும் அளவுகோலில் நமக்கு வேண்டிய பகுதி ஒரு மூலையில் நெருக்கிக் கிடக்கும்.

சில கருவிகளில் லிட்டரும் மணிக்கு இத்தனை கன அடி என்ற அளவும் அருகருகே இருக்கும். கன அடியில் 20 என்பது லிட்டரில் ஏறக்குறைய 9½. 30 என்பது 14. லிட்டர் என்று எண்ணிக்கொண்டு கன அடிக் கோட்டில் 12 வைத்தால் உண்மையில் வருவது 6 லிட்டருக்கும் குறைவு. புளோ ஹோலுக்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

ஒற்றை நிலையா, இரட்டை நிலையா?

வீட்டுக்கு ஒற்றை நிலை போதும். இரட்டை நிலை ரெகுலேட்டர் அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைக்கும். சிலிண்டர் காலியாக ஆக ஓட்டம் நகராமல் காக்கும். ஒற்றை நிலையில் ஓட்டம் மெல்ல நகரும். நாம் கோட்டைப் பார்த்துத் திருகிக்கொள்ளலாம். கார்பன் டை ஆக்சைடில் உள்ளழுத்தம் நிலையாக நிற்பதால் அந்தப் பிரச்சினையே எழுவதில்லை.

உறையும் ரெகுலேட்டர்

தனிக் கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்துவோர் மட்டும் இதைப் படித்தால் போதும். திரவம் ஆவியாகும்போது சிலிண்டர் குளிர்கிறது. உயர் அழுத்தத்திலிருந்து திடீரென விரியும்போது வாயு இன்னும் குளிர்கிறது. நீண்ட நேரம் தொடர்ந்து வெல்டு போட்டால் ரெகுலேட்டரின் மேல் வெண்பனி படரும். உள்ளே சின்னத் துளை உலர்பனித் துகளால் அடைபட்டு, ஓட்டம் குறைந்தும் கூடியும் தடுமாறும்.

அதற்காகத்தான் ஹீட்டர் வைத்த ரெகுலேட்டர்கள். பல மிக் மெஷின்களின் பின்புறத்தில் ஹீட்டருக்கென்றே 36 வோல்ட் சாக்கெட் இருக்கும். உங்கள் மெஷினில் அது இருக்கிறதா, எத்தனை வோல்ட் என்று பார்த்த பிறகே ஹீட்டர் ரெகுலேட்டரைத் தேர்ந்தெடுங்கள். 36 வோல்ட் ஹீட்டரின் பிளக்கை வெட்டி வீட்டு மின்சாரத்தில் செருகுபவர் தன் உயிரோடு விளையாடுகிறார். வார இறுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பற்றவைப்பவருக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. பனி படர்ந்தால் நிறுத்திவிட்டுச் சற்று ஆறவிடுங்கள், சரியாகிவிடும். தீ காட்டி உருக்குவது கூடவே கூடாது.

சிலிண்டர் எப்போதும் நின்ற நிலையிலேயே இருக்க வேண்டும். படுத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் வரும். அடிவரை நீளும் உட்குழாய் வைத்த சிலிண்டர்கள் திரவத்தை எடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவை வெல்டிங்குக்கு ஆகாது. நிரப்பித் தருபவரிடம் வெல்டிங்குக்கு என்று சொல்லியே வாங்குங்கள்.

வெளிவாயும் ஹோஸும்

ரெகுலேட்டரின் வெளிவாய், ஹோஸ், மெஷினின் பின்வாய் மூன்றும் ஒன்றோடொன்று சேர வேண்டும். சிலவற்றில் மரை போட்ட நட்டு, சிலவற்றில் ஹோஸை ஏற்றிக் கிளிப் போடும் முனை. வாங்கும் முன் மெஷினின் பின்புறத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பு ஒன்றுக்காக மறுபடி கடைக்கு ஓடாதவர்கள் குறைவு.

ஹோஸை வேண்டிய நீளத்துக்கு மேல் வாங்காதீர்கள். டிரிகரை விட்டதும் ஹோஸுக்குள் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்கு ஏறி நிற்கும். அடுத்து டிரிகரை அழுத்தியதும் அந்தச் சேமிப்பு பீறிட்டு வெளியேறும். 6 மில்லிமீட்டர் உள்விட்டம், 3 மீட்டர் நீளம் என்றால் ஹோஸின் கொள்ளளவு 85 மில்லிலிட்டர். உள்ளே 3½ பார் அழுத்தம் ஏறியிருந்தால், ஒவ்வொரு டிரிகருக்கும் ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் வாயு வீண். நூறு டேக், அதாவது புள்ளி வெல்டு, போட்டால் 30 லிட்டர். விழலுக்கு இறைத்த நீர். அதோடு அந்தப் பீறல் சுற்றியுள்ள காற்றையும் கலக்கி உள்ளே இழுப்பதால், வெல்டின் தொடக்கப் புள்ளியிலேயே ஊசித்துளை விழும். நீளத்தைப் பாதியாக்கினால் வீணாவதும் பாதியாகும்.

மாட்டும் முறை

சிலிண்டரை முதலில் சுவரோடோ வண்டியோடோ சங்கிலியால் கட்டுங்கள். கட்டாத சிலிண்டரில் ஸ்பேனர் வைக்காதீர்கள். வால்வின் வாயையும் ரெகுலேட்டரின் முனையையும் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து, தூசியோ கீறலோ இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். உலோகத்தோடு உலோகம் உட்காரும் இணைப்பில் வெள்ளை டெஃப்லான் நாடா சுற்றுவதும் தவறு. அங்கே வாயுவைத் தடுப்பது மரை அல்ல, முனையின் இருக்கை. நாடாவின் பிசிறு உள்ளே போய் அந்தச் சின்னத் துளையில் உட்கார்ந்துகொள்ளும். சிஜிஏ 320 போன்ற தட்டை வாய் இணைப்புகளுக்கு மட்டும் ஒரு வாஷர் தேவை. பழையது நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள்.

நட்டைக் கையால் முழுதும் ஓட்டிவிட்டு, பிறகு சரியான அளவு ஸ்பேனரால் இறுக்குங்கள். கையால் ஓட மறுத்தால் மரை வேறு என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள்.

இப்போது அழுத்தத் திருகை இடப்பக்கமாகச் சுழற்றித் தளர்த்திவிடுங்கள். ரெகுலேட்டரின் திருகு தண்ணீர்க் குழாய்க்கு நேர் எதிர்: வலப்பக்கம் திருகினால் திறக்கும், இடப்பக்கம் திருகினால் மூடும். குண்டு மிதக்கும் வகையில் இருக்கும் சின்ன ஊசிவால்வோ தண்ணீர்க் குழாயைப் போலவே வேலை செய்யும். ஒரே சாமானில் இந்த முரண்பாடு எதற்கு என்று எனக்கும் எரிச்சல்தான். கை பழகும்வரை மெதுவாகத் திருப்புங்கள்.

தளர்த்திய பிறகு, கேஜ்களின் முகத்துக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நின்று, சிலிண்டர் வால்வை மிக மெதுவாகத் திறங்கள். 200 பார் அழுத்தம் ஒரே அடியாக ரெகுலேட்டரில் மோதினால் உள்ளிருக்கும் இருக்கை, அதாவது வால்வு அடைத்து உட்காரும் பரப்பு, சிதையும். கேஜ் கண்ணாடி தெறித்த கதைகளும் உண்டு.

கசிவுச் சோதனை எளிது. திருகு தளர்ந்திருக்கும் நிலையிலேயே சிலிண்டர் வால்வை மூடி, அழுத்த முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் சோப்பு நீரைத் தடவிக் குமிழியைத் தேடுங்கள். ஆர்கானுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் மணமில்லை, இரண்டும் காற்றைவிடக் கனமானவை. சாத்திய சின்ன அறையில் தரையோரமாகத் தேங்கி, மூச்சுக்கு வேண்டிய காற்றை வெளியே தள்ளும். பணம் வீணாவதைவிட அது பெரிய கவலை. வேலை செய்யும் இடத்தில் காற்றோட்டம் இருக்க வேண்டும். இரவில் வால்வு மூடியிருக்க வேண்டும்.

ஓட்டத்தை வைப்பது

கம்பி உருளையின் அழுத்தத்தைத் தளர்த்திவிடுங்கள், கம்பி வீணாக வெளியே ஓடாது. டிரிகரை அழுத்திப் பிடித்து, வாயு ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகைத் திருப்பி அளவை வையுங்கள். டிரிகரை விட்ட நிலையில் இரட்டைக் கேஜின் முள் சற்று மேலே போய் நிற்கும்; அது ஓட்டம் அல்ல.

0.6 மில்லிமீட்டர் கம்பிக்கு 8 முதல் 10 லிட்டர், 0.8க்கு 10 முதல் 12 என்று தொடங்கலாம். நாசிலின் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை லிட்டர் என்றொரு கைக்கணக்கும் வெல்டர்களிடையே உண்டு. பெரும்பாலும் அது பொருந்திவிடும். பிறகு நாசில் முனையில் அளவுக் குழாயை வைத்து, ரெகுலேட்டர் சொல்வதோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு லிட்டர் வித்தியாசம் பரவாயில்லை. பாதிக்குப் பாதி என்றால் ஹோஸையும் மெஷினுக்குள் இருக்கும் வாயு வால்வையும் தேடுங்கள்.

புளோ ஹோல் கண்டதும் ஓட்டத்தை 20, 25 என்று ஏற்றிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. வேகம் மிஞ்சினால் வாயு நேராக இறங்காமல் சுழன்று, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். துளைகள் இன்னும் பெருகும். விசிறியை அணையுங்கள், கதவுப் பக்கம் தடுப்பு வையுங்கள், நாசிலுக்குள் ஒட்டிய தெறிப்பைச் சுரண்டுங்கள். வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்றே வாயுப் போர்வையைக் கலைத்துவிடும்.

வேலை முடிந்ததும் சிலிண்டர் வால்வை மூடி, டிரிகரை அழுத்தி ஹோஸைக் காலி செய்து, திருகைத் தளர்த்திவிடுங்கள்.

பழையதை வாங்குவதும் பழையதை ஒழிப்பதும்

கைமாறிய ரெகுலேட்டரை வாங்கலாமா? முள் பூஜ்யத்துக்குத் திரும்பாத கேஜ், எண்ணெய்ப் பிசுக்கு, பொறிப்பு தேய்ந்த உடல், ஸ்பேனரால் கடிபட்ட நட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடுங்கள். மாட்டிப் பார்க்க இடம் கொடுத்தால் ஒரு சோதனை செய்யலாம். ஓட்டத்தை வைத்துவிட்டு டிரிகரை விடுங்கள். வெளியழுத்த முள் சற்று ஏறி நின்றுவிட்டால் சரி. நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், அல்லது பாதுகாப்பு வால்வு சீறினால், உள் இருக்கை தேய்ந்துவிட்டது. உங்களுடைய ரெகுலேட்டரிலேயே என்றைக்காவது இது நடந்தாலும் அன்றே அதைக் கழற்றிவிட வேண்டும். திறந்து பார்த்துச் சரி செய்யும் ஆசை எனக்கும் வந்தது. உள்ளே இருப்பது வலுவான வில்சுருள். அதற்கான கருவியும் உதிரிப் பாகமும் பழகிய கையும் உள்ள பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பழுது பார்க்க லாயக்கில்லாததை அலமாரியில் போட்டு வைக்காதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து வீட்டில் யாராவது அதை எடுத்து மாட்டிவிடுவார்கள், அது நீங்களாகவே இருக்கலாம். நட்டின் மரையை வாளால் அறுத்துவிட்டுப் பித்தளைக் கழிவோடு போடுங்கள்.